காத்திருந்த வலது கால்

என் இடது முழங்காலுக்குள் அறுந்துபோன நார் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. அதை மாற்றிக் கட்டி, அந்தக் காலை மறுபடியும் என்னுடைய காலாக ஆக்கிக்கொள்ள ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் நான் எத்தனை முறை அதிர்ந்துபோனேன் என்று எண்ணினால் இரண்டு கை விரல்களும் போதாது. 'முட்டி ஆபரேஷன்தானே, இதுக்குப் போய்' என்று சொல்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவள்தான்.

என் பெயர் ரூபி. குன்னூருக்குப் பக்கத்தில் ஜெகதளாவில் குடியிருக்கிறேன். பதினான்கு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பொம்பளை வேன் ஓட்டுவதா என்று ஆரம்பத்தில் மூக்கைச் சுளித்தவர்களின் பிள்ளைகள்தான் பிறகு என் வேனில் முன்சீட்டுக்குச் சண்டை போட்டார்கள். வீட்டுக்காரர் ஜெயராஜ் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் வேனில் ஏறுகிற பதினெட்டும் என் பிள்ளைகள் என்று வாய் கூசாமல் சொல்லிக்கொள்வேன். அந்த வாய்தான் பின்னால் என்னை மாட்டிவிட்டது.

ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாவது வாரம், நல்ல மழை. ஒரு சின்னப் பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிட இறங்கினேன். சாக்கடை மேல் போட்டிருந்த கல் பலகையில் பாசி. என் இடது கால் இரண்டு பலகைகளுக்கு நடுவே செருகிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. குடைக்கம்பி உடைந்துவிட்டது என்று நினைத்துக் குடையைத்தான் பார்த்தேன். குடைக்கு ஒன்றும் ஆகவில்லை.

முட்டி வீங்கியது. சுளுக்கு என்று நானே முடிவு செய்து, தைலம் தேய்த்து, பேண்டேஜ் சுற்றிக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன். வீக்கமும் வற்றிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் படியில் இறங்கும்போது முட்டி சட்டென்று தன் இடத்தைவிட்டு வழுக்கிக்கொண்டு போனது. வலி இல்லை. ஒரு எலும்பு போக, இன்னொன்று நிற்க, நடுவில் நான் தொங்குகிற மாதிரி இருந்தது. ஜெயராஜ் பிடிக்காவிட்டால் கடைசிப் படி வரைக்கும் உருண்டிருப்பேன்.

கோயமுத்தூரில் எலும்பு டாக்டர் என்னைப் படுக்கவைத்து, காலை மடக்கி, கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்தார். மேசையின் இழுப்பறை வருவது போல என் கால் எலும்பு முன்னால் வந்தது. நான் தலையைத் தூக்கிப் பார்த்துத் திகைத்துவிட்டேன். வலது காலையும் அதேபோல் இழுத்தார், அது அசையவில்லை. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து அரை மணி நேரம், வெளியே யாரோ தகரத்தைப் போட்டுத் தட்டுகிற மாதிரிச் சத்தம். ரிப்போர்ட்டை வெளிச்சத்தில் மாட்டி டாக்டர் பேனாவால் காட்டினார். முழங்காலுக்குள் மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் குறுக்காகக் கட்டி வைத்திருக்கும் நார், லிகமெண்ட் என்கிறார்கள், அது முழுசாக அறுந்திருந்தது.

"தானா ஒட்டிக்காதுங்களா டாக்டர்?"

"இது ஒட்டாதும்மா. உங்க தொடையோட பின்பக்கம் இருந்து ஒரு நாரை எடுத்து, ரெண்டு எலும்புலயும் ஓட்டை போட்டு, உள்ள கோத்து திருகாணி வெச்சுடுவோம்."

அவர் பொத்தான் தைப்பதைப் போலச் சொன்னார். என் தொடையிலிருந்து எடுத்து என் முட்டிக்குள்ளேயே தைப்பதா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"வேன் எப்ப ஓட்டலாமுங்க?"

"நாலு மாசம் ஆகட்டும். அப்புறம் பேலன்ஸ், ரியாக்‌ஷன் டைம் எல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்லணும். நீங்க ஓட்டுறது பிள்ளைங்க வண்டி."

நாலு மாசம் என்பது என் காதில் விழுந்தது. மற்றது விழவில்லை. பள்ளியில் தலைமை ஆசிரியை அரையாண்டு லீவு முடிந்து திறக்கும் நாள் வரைக்கும் என் இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார். அன்றைக்கும் நான் வரவில்லை என்றால் வேறு டிரைவரை நிரந்தரமாகப் போட்டுவிடுவார்கள். அதுவரை மஞ்சூரிலிருந்து ஒருவர் வந்து ஓட்டுவார் என்று ஏற்பாடு. அந்த நாளை மனதுக்குள் குறித்துக்கொண்டுதான் ஆபரேஷனுக்குப் போனேன்.

ஆபரேஷன் தியேட்டரில் முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், நீங்கள் விழித்தே இருக்கலாம் என்றார்கள். விழித்திருந்தது என் தப்பு. துளைபோடும் சத்தம் கேட்டது. எங்கள் தெருவில் சுவருக்கு ஓட்டை போட்டு டி.வி. மாட்டுவார்களே, அதே சத்தம். வலி எதுவும் தெரியவில்லை. அது என் எலும்பு என்பது மட்டும் தெரிந்தது.

வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு போர்வைக்குள் கையை விட்டேன். ஒரு தொடை தட்டுப்பட்டது. சூடாக, கனமாக, யாருடையதோ போல இருந்தது. கை என் தொடையைத் தொடுகிறது, தொடைக்குக் கை தொடுவது தெரியவில்லை. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் கட்டபெட்டுத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சரசக்கா இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார். நான் முழிப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"பயப்படாதம்மிணி. உன்ர காலுதான். வேற யாரும் இங்க காலை உட்டுட்டுப் போகல."

அடுத்த நாள் மரப்பு போய்விட்டது. நர்ஸ் வந்து, காலை நேராக வைத்தபடியே கட்டிலிலிருந்து நாலு விரற்கடை தூக்குங்கள் என்றாள். இது என்ன பெரிய காரியம் என்று தூக்கினேன். கால் மரத்திருக்கவில்லை, ஆனால் சொன்னதைக் கேட்கவும் இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு மனதால் உத்தரவு போடுகிறேன், அது அப்படியே கிடக்கிறது. நாற்பத்தைந்து வயது வரைக்கும் கேட்காமலே செய்துகொண்டிருந்த கால். எனக்கு அழுகை வந்துவிட்டது. முட்டிக்குள் வீக்கம் இருந்தால் மூளை தொடைத் தசையை அணைத்துவைத்துவிடும், பயிற்சி செய்யச் செய்யத்தான் திரும்ப வரும் என்று நர்ஸ் விளக்கினாள். அந்தத் தசையை எழுப்ப மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள் ஒரு விரற்கடை எழும்பியபோது சரசக்கா கட்டிலில் படுத்தபடியே கை தட்டினார்.

ஜெயராஜ் மூன்று நாளும் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு அதில்தான் படுத்தார். பில் எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மலைக்குத் திரும்பிய பிறகு வீட்டில் அவர் செய்த முதல் வேலை, குளியலறைக்குப் போகும் இரண்டு படிகளுக்கு ஃபேக்டரியிலிருந்து பழைய குழாயைக் கொண்டுவந்து கைப்பிடி மாட்டியது. தினமும் ஷிஃப்டுக்குப் போகும் முன் முட்டி ஆடாமல் பிடித்துக்கொள்ளும் கால் உறையை எனக்கு மாட்டி, பட்டைகளை இறுக்கிவிட்டுப் போவார். இறுக்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். பார்த்தால் தளர்த்திவிடுவார் என்று அவருக்கே தெரியும்.

குன்னூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் பிசியோதெரபி. வாரம் மூன்று நாள். கீழே வர்க்கி வேகும் வாசனை வர, மேலே நான் துண்டை முட்டிக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருப்பேன். நிவேதா என்ற பெண்தான் பிசியோ. வயது முப்பதுக்குள்தான், ஆனால் ஏமாற்ற முடியாது. பத்துத் தடவை செய்ததைப் பன்னிரண்டு என்று சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். ஊன்றுகோல் போனது, உறை போனது, படி ஏறினேன், இறங்கினேன். பத்தாவது வாரம் பார்த்தவர்கள் யாரும் எனக்கு ஆபரேஷன் ஆனதென்று சொல்ல மாட்டார்கள். நானும் என்னைப் பார்த்து அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமையைச் சொல்ல வேண்டும். ஆபரேஷன் ஆகிப் பதினோரு வாரம். கட்டபெட்டில் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டி. எங்கள் சபையிலிருந்து பதினொரு பிள்ளைகள் வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு தயாராக நிற்கிறார்கள். பள்ளி வேனைத்தான் கேட்டு வாங்கியிருந்தார்கள். மஞ்சூர் டிரைவர் காய்ச்சல் என்று வரவில்லை. பாட்டு டீச்சர் அழுகிற நிலையில் இருந்தார். ஜெயராஜ் ஃபேக்டரியில். சாவி கண்ணெதிரே தொங்குகிறது.

என் கணக்கு இதுதான். அறுந்தது இடது கால், அது கிளச்சை மிதிக்கும் கால். பிரேக் வலது கால், அது நல்ல கால். மலையில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில்தான் இறங்குவோம். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறைவு. அதனால் கால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மலை டிரைவருக்குப் பாதகமில்லை என்று நான் மனதாரவே நம்பினேன்.

மேகலா தன் மகள் தர்ஷினியை முன்சீட்டில் ஏற்றிவிட்டாள். மேகலா வீட்டிலேயே தையல் தைக்கிறவள். அதிகம் பேச மாட்டாள். அன்றைக்கு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"காலு சரியாப் போச்சுங்களா அக்கா? டாக்டரு ஓட்டலாம்னு சொல்லீட்டாருங்களா?"

"ஆமாங்க்கண்ணு, சொல்லிட்டாரு" என்றேன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்தச் சொல் அத்தனை சுலபமாக வந்தது.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. கிளச் மிதிக்கும்போது முட்டி கொஞ்சம் முனகியது, அவ்வளவுதான். பிள்ளைகள் இரண்டாம் பரிசு வாங்கினார்கள். திரும்பும் வழியில் ஒரு சின்ன நேர்ச்சாலை. முப்பது வேகம் இருக்கும். தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை ஏறி வந்து, ஓடைப்பாலத்து ஓரம் நட்டிருந்த மஞ்சள் கல்லுக்கு நேராக நடுரோட்டில் நின்றது. மிதித்தேன். அது தலையை ஆட்டிவிட்டு ஒரு எட்டு, இரண்டு எட்டு வைத்து அந்தப் பக்கத்துச் சரிவில் இறங்கியது, வண்டியும் நின்றது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பார்த்தாயா, நின்றது என்று என் காலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். வீட்டில் ஜெயராஜிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை நிவேதாவிடம் போய், "டெஸ்ட்டை இப்பவே வெச்சுருங்க, நான் ரெடி" என்றேன். தேறிவிட்டதாகச் சீட்டை வாங்கிக்கொண்டு நேராகப் பள்ளிக்குப் போவதாகத் திட்டம்.

முதலில் சமநிலை. இடது காலில் மட்டும் நிற்க வேண்டும். கண் திறந்து நின்றபோது அரை நிமிடம் நின்றேன். "இப்பக் கண்ண மூடிக்கங்க" என்றாள். மூடிய மாத்திரத்தில் தரை சாய்ந்தது. கணுக்கால் இப்படியும் அப்படியும் ஆடி, நாலாவது எண்ணிக்கையில் நிவேதாவின் தோளைப் பிடித்துவிட்டேன்.

"கண்ணு திறந்திருந்தா கண்ணு பாத்துச் சொல்லிருதுங்க்கா. மூடினா முட்டிதான் சொல்லோணும், நான் இங்க இருக்கேன், இப்படி மடங்கியிருக்கேன்னு. அறுந்துபோன லிகமெண்ட்டுல அதுக்கான நரம்பெல்லாம் இருந்துச்சு. புது நாரு கட்டிப் புடிக்கும், சேதி சொல்லத் தெரியாது. மத்த தசையெல்லாம் அதைக் கத்துக்கறதுக்கு நாளாகும்."

சரி, அடிபட்ட கால் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். அடுத்து வலது கால். நல்ல கால், நிற்கப் போகிறது பார் என்று கண்ணை மூடினேன். ஏழு எண்ணுவதற்குள் விழப்போனேன். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. நிவேதாவுக்கு ஆச்சரியம் இல்லை. ஒரு கால் படுத்துவிட்டால் மூளை இரண்டு காலையும் ஆட்டிவைக்கும் விதமே மாறிப்போகும் என்றாள். நல்ல கால் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது வெறும் பெயர்தான் என்று ஆனது.

பிறகு எதிர்வினை நேரம். ஒன்றைப் பார்த்ததும் உடம்பு அசைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது. முதலில் கைக்கு. ஒரு ஸ்கேலை மேலே பிடித்துத் திடீரென்று விட்டாள், நான் விரலால் பிடிக்க வேண்டும். டக் டக்கென்று பிடித்தேன். "கை பிரமாதமுங்க்கா" என்றாள். கொஞ்சம் தெம்பு வந்தது. அப்புறம் நாற்காலியில் உட்காரவைத்து, தரையில் இரண்டு ரப்பர் தட்டுகளை வைத்தாள். வலது கால் ஒன்றின் மேல் இருக்க வேண்டும், அது ஆக்சிலேட்டர். எதிரே பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அடுத்த தட்டை மிதிக்க வேண்டும், அது பிரேக். எவ்வளவு நேரம் என்பதைப் பெட்டி காட்டும். பத்துத் தடவை மிதித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு விநாடியை ஒட்டியோ, அதற்கு மேலேயோ வந்தது. அவளே உட்கார்ந்து மிதித்துக் காட்டினாள். அரை விநாடிதான்.

"வலது காலுக்கு ஒண்ணும் ஆகலியே நிவேதா. பெட்டிதான் கெட்டிருக்கும்."

அவள் என் இடது காலைப் பார்த்தாள். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, இடது காலைத் தூக்கி அதன் மேல் வைத்து, ஒரு துணிப்பட்டையால் கட்டிவிட்டாள். மறுபடி மிதிக்கச் சொன்னாள். விளக்கு எரிந்தது, மிதித்தேன். அரை விநாடிக்குப் பக்கம். இன்னொரு தடவை, அதேதான். பத்துத் தடவையும் அதேதான்.

"அக்கா, வண்டிய நிறுத்தறப்ப ரெண்டு காலையும் சேத்துத்தான் மிதிப்பீங்களா?"

"ஆமா. பிரேக்கும் கிளச்சும் சேத்துத்தான். இல்லாட்டி வண்டி ஆஃப் ஆயிருமே."

"இங்க கிளச்சே இல்லீங்க. ஆனா நீங்க ஒவ்வொரு தடவையும் இடது முட்டியத் தூக்கறீங்க. அது மெதுவாத்தான் எந்திரிக்குது. அது வர்ற வரைக்கும் உங்க வலது காலு காத்துட்டு நிக்குது."

பதினான்கு வருஷமாக ஜோடியாக வேலை செய்த கால்கள். ஒன்று நொண்டினால் இன்னொன்றும் கூடவே நிற்கிறது. இது எனக்குத் தெரியாமல் என் உடம்புக்குள்ளேயே நடந்திருக்கிறது.

"அரை விநாடிதானே" என்று கடைசியாகக் கேட்டேன். அது கேள்வி இல்லை, கெஞ்சல்.

நிவேதா சுவரோரத்திலிருந்து டேப்பை எடுத்துத் தரையில் இழுத்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து இழுத்துக்கொண்டே போய், கதவுக்குக் கிட்டே நின்றாள்.

"முப்பது வேகத்துல போனா அரை விநாடிக்கு நாலு மீட்டருங்க்கா. வண்டி இவ்வளவு தூரம் பிரேக்கே இல்லாம போயிருக்கும். நல்லவேளை, நீங்க இன்னும் ஓட்ட ஆரம்பிக்கல."

நான் அந்த டேப்பைப் பார்த்தேன். அப்போதுதான் அந்த மஞ்சள் கல் நினைவுக்கு வந்தது. காட்டெருமை நின்றது கல்லுக்கு நேராக. வண்டி நின்றபோது அந்தக் கல் என் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. கையை நீட்டினால் தொடலாம். அதாவது அது நின்ற இடத்தைத் தாண்டித்தான் என் வண்டி நின்றிருக்கிறது. நான் நிறுத்தவில்லை. அது நகர்ந்தது. நகராமல் ஒரு விநாடி யோசித்திருந்தால் நேராக மோதியிருப்பேன். முன்சீட்டில் தர்ஷினி இருந்தாள்.

எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியவில்லை. பேக்கரி வாசலில் உட்கார்ந்துவிட்டேன். பெரிய விபத்து எதுவும் நடக்கவில்லை, யாருக்கும் ஒரு கீறல் இல்லை, அந்தச் சனிக்கிழமை எல்லோரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். அது நினைக்க நினைக்க இன்னும் பயமாக இருந்தது. பேக்கரிக்காரர் தண்ணீர் கொடுத்து, "சக்கரை கொறஞ்சுருச்சுங்களா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

ஜெயராஜ் ஷிஃப்ட் முடிந்து வந்து, கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும், மேகலா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டது உட்பட நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"மேகலாப் புள்ள கேட்டதுக்கு என்ன சொன்னே?"

"டாக்டர் ஓட்டச் சொல்லிட்டாருன்னு சொன்னேனுங்க."

"நாளைக்குக் காலையில வேன் ஸ்டாப்புக்கு நானும் வர்றேன்" என்றார்.

மறுநாள் காலை பனிமூட்டத்தில் பெற்றோர்கள் பிள்ளைகளோடு நின்றிருந்தார்கள். நான் சொன்னேன். டாக்டர் சொல்லவில்லை, நானாகத்தான் ஓட்டினேன், டெஸ்ட்டில் தேறவில்லை என்று சொன்னேன். காட்டெருமையையும் சொன்னேன். யாரும் சத்தம் போடவில்லை. ஒருவர், "அதுதான் ஒண்ணும் ஆகலீங்களே, உடுங்க" என்றார். இன்னொரு அம்மா, "நீங்க ஓட்டுனா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சு அனுப்பிட்டோமுங்க" என்றார். அந்த வார்த்தை என்னை நிற்கவிடவில்லை. மேகலா தர்ஷினியின் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக் கீழே பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். வேன் வர இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

தலைமை ஆசிரியையிடமும் போய்ச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "பள்ளி திறக்கிற நாள் வரைக்கும்னு சொன்னேன். அந்தச் சொல்லை மாத்தல. ஆனா டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம வண்டியத் தொடக் கூடாது" என்றார்.

அதன் பிறகு மூன்று மாதம் நிவேதா என்னைப் பிழிந்தெடுத்தாள். ஸ்பாஞ்சு மேல் ஒற்றைக்கால், ஆடும் பலகை மேல் ஒற்றைக்கால், நிற்கும்போதே பந்தைப் பிடிப்பது, கண்ணை மூடிக்கொண்டு பின்னாலிருந்து அவள் தட்டத் தட்ட விழாமல் நிற்பது. தரையில் மூன்று பக்கமும் டேப் ஒட்டி, ஒரு காலில் நின்று மறு காலால் எவ்வளவு தூரம் தொட முடிகிறது என்று வாரா வாரம் அளந்தாள். வீட்டில் ஜெயராஜ் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, டார்ச்சைத் திடீரென்று அடிப்பார். நான் தரையில் சாக்பீஸால் வரைந்த பிரேக்கை மிதிக்க வேண்டும். இடது கால் எழுந்தால் "தூக்கிட்டே" என்பார். முதலில் நூறு தடவை சொன்னார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அந்த வார்த்தையைச் சொல்லவே வாய்ப்பு வரவில்லை.

பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு இரண்டாவது டெஸ்ட். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு காலிலும் தனித்தனியாக அரை நிமிடம் நின்றேன். பெடலில் பத்துத் தடவையும் நிவேதாவின் நேரத்துக்கு ஒரு மயிரிழை பக்கம். இந்த முறை கிளச்சுக்கு ஒரு தட்டும் வைத்து, இரண்டு காலையும் சேர்த்தும் பார்த்தாள். வலது கால் காத்திருக்கவில்லை. நான் நம்பாமல் இன்னொரு பத்து மிதித்தேன். கோயமுத்தூர் டாக்டரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஏழு மாதத்தில் முதல் தடவையாக நல்ல விஷயத்துக்காக அதிர்ந்துபோய் நின்றேன்.

பள்ளி திறந்த அன்று வேன் எடுத்தேன். பதினேழு பிள்ளைகள் ஏறினார்கள். தர்ஷினி ஏறவில்லை. அவள் அரசு பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறாள், பள்ளிக்குப் போய்ச் சேர வேனைவிட முக்கால் மணி நேரம் கூடுதல் ஆகும் என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். அன்று சாயங்காலமே ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மேகலா வீட்டுக்குப் போனேன்.

தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். "வாங்க்கா, உக்காருங்க" என்றாள். காபி கலந்து கொடுத்தாள். ரிப்போர்ட்டை வாங்கி, ஒவ்வொரு வரியாக, விரலை வைத்துப் படித்தாள். நம்பர்களுக்கு அர்த்தம் கேட்டாள், சொன்னேன். கண்ணை மூடி நிற்பது, விளக்கு, பெடல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தாள்.

"உங்க காலு சரியாப் போச்சுங்க அக்கா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அன்னைக்கு நான் ஜன்னலப் புடிச்சுட்டுக் கேட்டேன், நீங்க ஆமான்னீங்க. அதுக்கு எங்கீங்க டெஸ்ட் எடுக்கறது?"

அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள். நான் ரிப்போர்ட்டைப் பைக்குள் வைத்தேன். அவள் மறுபடி மெஷினில் உட்கார்ந்து தைக்கத் தொடங்கினாள்.